வைக்கோற்போரும் உரமிடும் நாளும்

ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கி வடமேற்குத் திசையாகச் செல்பவர், ராணுவக் குடியிருப்புகளின் நீண்ட மதில்களையும் விமானப்படை நிலையத்தின் எல்லைகளையும் ஒட்டிச் சென்று முத்தாபுதுப்பேட்டையை அடையும்போது, வீட்டு மனைகளுக்காக நட்ட கற்களுக்கிடையே இன்னும் கட்டடம் எழும்பாத ஒரு துண்டு நிலத்தில் நாலைந்து எருமைகளும் இரண்டொரு கலப்பினப் பசுக்களும் கட்டப்பட்டிருப்பதையும், பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய வைக்கோல் உருளைகள் அடுக்கப்பட்டிருப்பதையும் காணக்கூடும். அந்த வைக்கோல் அவ்வூரில் விளைந்ததன்று, லாரியில் வந்தது. எந்த ஏரியின் கீழ், எந்தப் போகத்தில், எத்தனை முறை உரம் உண்டு வளர்ந்த பயிரின் தாள் அது என்பதை மாட்டுக்காரரும் அறியார், லாரிக்காரரும் அறியார். இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு இக்கேள்விகள் எழவே இடமிருந்ததில்லை; ஏனெனில் உழுதவரும், எருவிட்டவரும், அறுத்தவரும், போர் போட்டவரும், மாட்டுக்கு அள்ளிப் போட்டவரும் பெரும்பாலும் ஒரே முற்றத்தைச் சார்ந்தவர்கள்.

நெல்லின் விலையும் தீர்வையும் அரசாங்கத் தஸ்தாவேஜுகளில் காசு பிசகாமல் எழுதப்பட்டிருக்க, வைக்கோலைப் பற்றிய செய்தி ஒரு பஞ்சம் வந்தாலன்றி அவற்றில் தலைகாட்டுவதில்லை. ஆயினும், விவசாயியின் கணக்கில் அது ஒருபோதும் கழிவாக இருந்ததில்லை. வாரத்துக்கு நிலம் விடும்போது நெல்லைப் பங்கிடுவது எப்படி என்று பேசிய அதே வாயால் வைக்கோல் யாருக்கு என்பதையும் பேசி முடித்துவிடுவார்கள். பின்னால் வரும் சச்சரவுகளில் பாதி வைக்கோலைப் பற்றியதாகவே இருக்கும். பழைய உயர்ந்த ரக நெற்பயிர்களில், ஒரு பங்கு நெல்லுக்கு ஏறக்குறைய இரு பங்கு தாள் கிடைத்தது. அத்தாளே கழனியை உழுத மாட்டுக்கு உணவு, அம்மாட்டின் சாணமே அடுத்த பயிருக்கு எரு, பால் கறந்த எருமைக்கும் அதுவே ஆதாரம், எஞ்சியது கூரைக்கும் படுக்கைக்கும் என்று பார்த்தால், போரின் உயரத்தைக் கொண்டு குடும்பத்தின் நிலையை மதிப்பிட்ட கிராமத்து வழக்கம் வெறும் டம்பமன்று என்பது விளங்கும்.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது அந்த வைக்கோலின் சரித்திரம் முழுவதையுமன்று. உரமிடும் நாள் என்ற ஒரு சிறு விஷயத்தை மட்டுமே. பயிருக்கு எந்த நாளில் உரம் விழுகிறதோ அதைப் பொறுத்துத் தாளின் தரம் மாறுகிறது என்பது இன்று சாஸ்திரம் ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால் அந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் விவசாயிக்கு எப்போது வாய்த்தது, வாய்த்தபின் அதை அவர் யாருக்காகச் செலவிட்டார் என்பவற்றை ஆராய்ந்தால், ஆவடியைச் சூழ்ந்த இச்சிறு பிரதேசத்தில் மாடும் மனிதனும் கழனியும் கூடி வாழ்ந்த ஒரு முறை எவ்வாறு அவிழ்ந்தது என்பதும் உடன் தெரிய வருகிறது.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் வடபகுதியாக இருந்து, 1997இல் திருவள்ளூர் மாவட்டமென்று தனியாகப் பிரிந்த இந்நாடு, ஆற்றை நம்பாமல் ஏரியை நம்பி வாழ்ந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகங்கள் இங்கே வழங்கின. சித்திரை வாக்கில் தொடங்கி ஆவணியில் அறுவடையாகும் சொர்ணவாரிக்குக் கிணற்றுநீரும் ஏரியில் எஞ்சிய நீரும் துணை. ஆவணியில் தொடங்கித் தை மாதத்தில் முடியும் சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழை துணை. மார்கழி, தையில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் அறுக்கும் நவரைக்கு அம்மழையால் நிரம்பிய ஏரி துணை. மூன்று போகத்து நெல்லுக்கும் வேற்றுமை பாராட்டியதுபோலவே மூன்று போகத்து வைக்கோலுக்கும் பாராட்டினார்கள். நவரைத் தாள் கோடை வெயிலில் இரண்டே நாளில் காய்ந்து, நிறம் மாறாமல், மணம் கெடாமல் போருக்கு ஏறும். சம்பாத் தாள் நீளமானது, மிகுதியானது, ஆண்டு முழுவதும் தாங்குவது. ஆனால் முற்றிக் கடுமையாகிவிட்ட தாளாதலால் மாடு அதை மெதுவாகவே தின்னும். சொர்ணவாரித் தாளோ, அறுவடை நேரத்தில் மாலைதோறும் இடித்துப் பெய்யும் மழையில் நனைந்து, களத்திலேயே கறுத்து, பூசணம் பிடித்துப் போவதற்கு ஏதுவானது. இவையெல்லாம் ஆராய்ச்சி நிலையங்கள் வருவதற்கு முன்பே, மாட்டின் நாக்கு தீர்ப்புச் சொல்லி மனிதர் கற்றுக்கொண்ட பாடங்கள்.

இந்தக் கழனிகளுக்கு அந்நாளில் விழுந்த எரு எத்தகையது? தொழுவத்துக் குப்பையும் சாம்பலும் கோடையில் வண்டியேற்றிக் கொட்டப்பட்டன. நீர் வற்றிய ஏரியிலிருந்து வண்டல் வெட்டிப் பரப்பப்பட்டது. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை கட்டினார்கள். நடவுக்கு முன் கொழிஞ்சி, அவுரி முதலிய தழைகளை மிதித்தார்கள். வசதியுள்ளவர் ஆமணக்குப் புண்ணாக்கையோ வேப்பம் புண்ணாக்கையோ இடித்துத் தூவினார்கள். இவற்றுள் புண்ணாக்கு ஒன்று நீங்கலாக மற்றவையெல்லாம் பயிர் பிறப்பதற்கு முன்பே நிலத்துக்குள் சென்றுவிடுபவை. அவை மட்கி, சிறுகச் சிறுகச் சத்தை விடுத்து, நாற்று வேர் பிடிப்பது முதல் கதிர் முற்றுவது வரை பயிருக்கு ஊட்டிக்கொண்டே இருந்தன. எந்த வாரத்தில் எவ்வளவு என்று தீர்மானித்தவை மண்ணும் மழையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுமேயன்றி விவசாயியல்லர். ஆகவே 'உரமிடும் நாள்' என்ற யோசனைக்கே அந்நாளில் அதிக இடமில்லை. குப்பைமேடு இருந்த மூலையிலே பயிர் கரும்பச்சையாக எழுந்து, அறுவடைக்குப் பின்னும் அதன் அடித்தாள் பசுமை மாறாதிருப்பதையும், கட்டவிழ்த்த மாடு நேரே அந்த மூலைக்கே நடப்பதையும் எல்லோரும் பார்த்தார்கள். அது அந்த மூலையின் பாக்கியமென்று விட்டுவிட்டார்கள்.

மேனாட்டு விவசாய சாஸ்திரம் இப்பக்கம் எட்டிப் பார்த்தது 1865இல், கவர்னர் சர் வில்லியம் டெனிஸன் காலத்தில், சைதாப்பேட்டையில் ஒரு பரிசோதனைப் பண்ணை தோன்றியபோது. 1876இல் அங்கே விவசாயப் பள்ளியும் ஏற்பட்டது. அதே ஆண்டில் மழை பொய்த்து, 1878 வரை நீடித்த மாபஞ்சம் சென்னை ராஜதானியைப் பீடித்தது. மனிதர் மடிந்த கணக்கு பலரும் அறிந்தது. அதற்கு முன்னோடியாக மாடுகள் மடிந்த கணக்கே கிராமங்களை அடுத்த பல ஆண்டுகள் எழுந்திருக்கவொட்டாமல் செய்தது. கூரையில் வேய்ந்திருந்த பழைய தாளைப் பிடுங்கி மாட்டுக்குப் போடுவது பஞ்ச காலங்களில் இந்நாட்டில் பலமுறை நிகழ்ந்த சோகம். பின்னர், இங்கிலாந்து ராஜாங்க விவசாய சங்கத்தின் ரசாயன ஆலோசகரான வோல்க்கர் என்பவர் 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நாடெங்கும் சுற்றி, 1893இல் ஓர் அறிக்கையை வெளியிட்டார். இந்தியக் குடியானவனுக்கு விவசாயம் தெரியாது என்ற எண்ணத்தை மறுத்த அவ்வறிக்கை, சாணம் வயலுக்குச் செல்லாமல் அடுப்புக்குச் செல்வதையும், தீவனத்தின் பற்றாக்குறையையும் எடுத்துக்காட்டி, விறகுக்கும் தீவனத்துக்கும் காடு ஒதுக்க வேண்டுமென்றது. 1928இல் வெளியான ராயல் கமிஷன் அறிக்கையும், தீவனம் குறையக் குறைய மாடு மெலிவதும், மாடு மெலிய மெலிய வேலைக்காக அதிக மாடுகளை வைத்துக்கொள்வதும், அதனால் தீவனம் மேலும் குறைவதுமான விஷச் சக்கரத்தைப் பற்றிப் பேசியது. நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மாட்டின் முன்னால் கிடந்த தாளுக்குள்ளே என்ன இருக்கிறது, அதை வயலிலேயே மேம்படுத்த முடியுமா என்ற கேள்வி இவ்வறிக்கைகளின் மையத்துக்கு வந்ததேயில்லை.

அக்கேள்விக்கு மிக அருகே சென்று திரும்பிய ஒரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே உண்டு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் ஊரில் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் 1843இல் தொடங்கிய நெடுங்கால உரப் பரிசோதனையைப் பின்பற்றி, கோயம்புத்தூரில் 1909இல் நிரந்தர உரப் பாத்திகள் அமைக்கப்பட்டன. அவை இன்றளவும் நடைபெற்று வருகின்றன. குன்னூரில் போஷணை ஆராய்ச்சி செய்துவந்த ராபர்ட் மக்காரிஸனும், கோயம்புத்தூரில் விவசாய ரசாயன நிபுணராக இருந்த பி. விஸ்வநாத்தும் சேர்ந்து, அப்பாத்திகளில் விளைந்த தானியத்தைப் பிராணிகளுக்கு ஊட்டிப் பார்த்து, தொழுவுரம் இட்ட பாத்தியின் தானியம் ரசாயன உரம் இட்டதைக் காட்டிலும் போஷணையில் சிறந்தது என்று 1926இல் வெளியிட்டார்கள். பயிருக்கு இடும் உரம் அதை உண்ணும் உயிரின் உடம்பில் தெரியும் என்ற எண்ணம் அன்று உலகத்துக்கே புதியது. அவர்களுடைய கவலை மனிதரின் உணவாதலால் தானியத்தோடு நின்றார்கள். தானியத்துக்கு உண்மையானால் தாளுக்கும் உண்மைதானே என்று ஒருவர் அப்போதே கேட்டிருந்தால், நமது கால்நடை சாஸ்திரத்துக்கு அரை நூற்றாண்டு மிச்சப்பட்டிருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. ராதம்ஸ்டெட்டிலோ, முதல் ஆண்டு முதல் தானியத்தையும் தாளையும் தனித்தனியே எடைபோட்டு, மாதிரிகளைப் பாதுகாத்து வந்தார்கள். தாளுக்கும் ஒரு பதிவேடு வேண்டுமென்ற மரியாதை அவர்களுக்கு இருந்தது.

இதற்கிடையில் 'உப்பு' வந்தது. ரசாயன உரத்துக்கு நம் கிராமத்தார் இட்ட பெயர் அது. பார்த்தால் உப்பு, கரித்தால் உப்பு, மழையில் கரைந்து போவதிலும் உப்பு. பாரி கம்பெனியார் 1906இலேயே ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கினார்களென்றாலும், அது மணிச்சத்து. தாளின் குணத்தை நேரே மாற்றுவது தழைச்சத்து. ஆலுவாயில் 1947இலும் சிந்திரியில் 1951இலும் அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கிய பிறகே தழைச்சத்து மூட்டையில் கட்டப்பட்டுக் கிராமத்து வாயிலுக்கு வந்தது. 1971இல் மணலியில், முத்தாபுதுப்பேட்டையிலிருந்து காலையில் புறப்பட்ட மாட்டுவண்டி மாலைக்குள் சென்று சேரக்கூடிய தொலைவிலே, சென்னை உரத் தொழிற்சாலை யூரியாவை உற்பத்தி செய்யத் தொடங்கியது. யூரியாவில் 100க்கு 46 பங்கு தழைச்சத்து. பல வண்டிக் குப்பையில் அடங்கியதை ஒருவர் தலையில் சுமந்து செல்லலாம். தூவிய நாலைந்து நாளில் பயிர் கறுத்து எழும். அதாவது, எந்த நாளில் பயிர் உண்ண வேண்டுமென்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் முதன்முதலாக மண்ணின் கையிலிருந்து மனிதனின் கைக்கு மாறியது. அடியுரம், தூர் கட்டும்போது ஒன்று, கதிர் உருவாகும்போது ஒன்று, கதிர் வெளிவரும்போது ஒன்று என்று நாலு தவணையாகப் பிரித்துத் தழைச்சத்து இட வேண்டுமென்று வேளாண் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் விதித்த முறை, அந்த அதிகாரத்தின் நடைமுறைச் சட்டம் எனலாம்.

அதே காலத்தில் பயிரின் உருவமும் மாறிற்று. இவ்விடத்தில் நம் பக்கத்து ஊர் ஒன்றுக்குரிய பெருமையைச் சொல்லாமல் செல்வது நியாயமன்று. ஆவடிக்கு மேற்கே, செவ்வாப்பேட்டை அருகிலுள்ள திரூரில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் டி.கே.எம். 6 என்ற ரகத்தை வெளியிட்டது. கிச்சிலிச் சம்பாவிலிருந்து பிறந்த ஜி.ஈ.பி. 24 என்னும் புகழ்பெற்ற நெல்லும் கோ 18 என்பதும் அதன் பெற்றோர். தண்டுத் துளைப்பானை ஓரளவு எதிர்த்து நிற்கும் அதன் குணத்தைக் கண்டு, பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தமது குட்டை நெல்லோடு இணைத்து உண்டாக்கியதே ஐ.ஆர். 20. திரூரிலிருந்து கடல் கடந்து சென்ற பிள்ளை, 1970களில் வேறு பெயரோடு திரும்பி வந்து தமிழ்நாட்டுக் கழனிகளை நிரப்பியது. ஆனால் திரும்பியது குட்டையாகத் திரும்பியது. குட்டைப் பயிரில் நெல்லும் தாளும் ஏறக்குறையச் சமம், உரம் தின்றாலும் சாயாது, நெல் மிகுதி. களத்தில் நெற்குவியலைக் கண்டு மகிழ்ந்த குடும்பத் தலைவர், போரைப் பார்த்தபோது அது தோள் உயரமே நின்றதைக் கண்டு முகம் சுளித்தார். புதிய ரகங்களைப் பற்றி ஆரம்பத்தில் எழுந்த குறைகளில் சோற்றின் ருசிக்கு அடுத்தபடியாக நின்றது வைக்கோல் போதாது என்பதே. அளவு குறைந்தபோதுதான் தரத்தைப் பற்றிய யோசனை பிறந்தது. மனித சுபாவம் எப்போதும் அப்படித்தான்.

தரம் என்பது என்ன? நெற்பயிர் தான் உறிஞ்சிய தழைச்சத்தை முதலில் இலையிலும் தண்டிலும் புரதமாகச் சேர்த்து வைத்திருந்து, கதிர் பால் பிடிக்கும் காலத்தில் அதைக் கரைத்து மணிக்கு அனுப்புகிறது. அறுவடையன்று பயிரில் உள்ள தழைச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை நெல்லுக்குள் போய்விடும். சேமிப்பையெல்லாம் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்கும் தாயைப் போலத் தாள் நிற்கிறது. அதில் மிஞ்சுவது 100க்கு 3 அல்லது 4 பங்கு புரதம். அசைபோடும் பிராணியின் பெரு வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்ய வேண்டுமானால் ஏறக்குறைய 7 பங்கு வேண்டும். அது இல்லாதபோது மாடு வயிறு நிறையத் தின்றும் பசியோடிருக்கிறது. போதாததற்கு, நெற்பயிர் மண்ணிலிருந்து மணற்சத்தை, அதாவது சிலிக்காவை, மற்றத் தானியப் பயிர்களைவிட மிகுதியாக உறிஞ்சி, இலையில் கண்ணாடித் தூளைப் போலப் பதித்துக்கொள்கிறது. சோளத்திலும் கம்பிலும் இலை மிருது, தண்டு கடுமை. நெல்லிலோ தண்டே இலையைவிட எளிதில் ஜீரணமாவது. தாளிலுள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு வெளியேற்றிவிடுகிறது என்பதை இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தாலபாத்ரா, ராய், சென் என்பவர்கள் 1940களில் நிரூபித்தார்கள்.

இனி உரமிடும் நாளுக்கு வருவோம். தூர் கட்டும்போது இட்ட தழைச்சத்து தூர்களைப் பெருக்கித் தாளின் அளவை மிகுவிக்கிறது; தரத்தில் அதன் சுவடு அறுவடைக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். கதிர் உருவாகும்போது இட்டது கதிரின் மணிகளைக் கூட்டுகிறது. கதிர் வெளிவரும் சமயத்தில் இட்டதோ, மணிக்குப் புரதத்தைக் கொடுத்ததோடு நில்லாமல், இலை விரைவில் மஞ்சளாகி உதிர்வதைத் தடுத்து, நெல் பழுத்த பின்னும் தண்டைப் பசுமையாக வைத்திருக்கிறது. அந்தத் தாளில் புரதம் சற்றுக் கூடுதல். தழைச்சத்து நிறைந்த பயிரில் மணற்சத்தின் விகிதமும் குறைகிறது. ஆக, கடைசித் தவணையே மாட்டின் தவணை. குப்பைமேட்டு மூலையில் மாடு கண்டுபிடித்திருந்த இரகசியமும் இதுவே: அங்கே மண் கடைசி நாள் வரை ஊட்டுவதை நிறுத்தவில்லை.

இவ்வளவு தெளிவான உண்மையை விவசாயி ஏன் கைக்கொள்ளவில்லை என்று கேட்பது எளிது. ஐப்பசி, கார்த்திகையில் ஒருநாள் இப்பக்கத்துக் கழனி வரப்பில் நின்றவர் கேட்கமாட்டார். சம்பாப் பயிர் கதிர் வாங்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் பருவமும் ஒன்றே. காலையில் தூவிய யூரியா மாலை மழையில் கரைந்து வரப்பைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்கோ ஏரிக்கோ போய்ச் சேரும். தேங்கிய நீரில் நின்று உரம் தின்ற பயிரில் புகையானும் குலைநோயும் ஏறும்; உயர்ந்த ரகமானால் சாய்ந்துவிடும்; சாய்ந்த பயிரின் நெல்லும் முளைக்கும், தாளும் அழுகும். மாட்டுக்கு நல்ல வைக்கோல் வேண்டுமென்று நெல்லையே பணயம் வைக்க ஒருவரும் துணியார். நவரையில் மழைத் தொல்லை இல்லை. ஆனால் கதிர் வரும் மாசி, பங்குனியில் ஏரியின் மதகில் நீர் நூலாக இழையும், நீரில்லாத நிலத்தில் இட்ட உரம் காற்றோடு போகும். மேலும் நெற்பயிருக்கு இட்ட தழைச்சத்தில் பயிர் பெற்றுக்கொள்வது நல்ல நிலையிலேயே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மீதி நீருக்கும் காற்றுக்கும் காணிக்கை. எனவே மூட்டையை வாங்கிய கை, முதல் இரண்டு தவணைகளில் தாராளமாகவும் கடைசித் தவணையில் கஞ்சத்தனமாகவும் நடந்துகொண்டதில் அறியாமை ஒன்றுமில்லை, கணக்குத்தான் இருந்தது. அக்கணக்கில் மாட்டின் பங்கு கழிந்துபோயிற்று, அவ்வளவே.

இந்த இடத்தில் சரித்திரம் எதிர்பாராத ஒரு திருப்பம் கொள்கிறது. பயிர் நிற்கும்போது கொடுக்க முடியாத கடைசித் தவணையை அறுவடைக்குப் பிறகு, போரிலே, கொடுத்தால் என்ன? இவ்வெண்ணத்தின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. முதல் உலகப் போரில் கடல்வழி அடைபட்டுத் தீவனம் அருகியபோது, எர்ன்ஸ்ட் பெக்மன் என்ற ரசாயன அறிஞர் (கல்லூரி ரசாயன சாலைகளில் அவர் பெயரால் ஒரு வெப்பமானி இன்றும் உண்டு) வைக்கோலைக் காரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் அது எளிதில் ஜீரணமாகுமென்று காட்டினார். காஸ்டிக் சோடாவும் கழுவ வேண்டிய நீரும் நம் குடியானவருக்கு எட்டாதவை. ஆனால் யூரியாவை நீரில் கரைத்துத் தாளில் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், அது அம்மோனியாவாகப் பிரிந்து அதே வேலையைச் செய்வதோடு, தன் தழைச்சத்தில் ஒரு பகுதியைத் தாளிலேயே விட்டுச் செல்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டருக்குக் குறையாத நீர், மூன்று வார மூட்டம். 3 அல்லது 4 பங்கு இருந்த புரதம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. 1970களின் இறுதியிலும் 80களிலும் இம்முறை வங்காளத்திலும், இலங்கையில் கண்டிப் பிரதேசத்திலும், டச்சு நாட்டின் கூட்டுறவோடு இந்திய ஆராய்ச்சி நிலையங்களிலும் விரிவாகச் சோதிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் ஊர் ஊராகச் சென்று செய்து காட்டினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் வைக்கோலுக்கு 40 கிலோ யூரியா. ஒரு மாடு நாளுக்கு 5 அல்லது 6 கிலோ தின்றால் ஏறக்குறைய ஆறு மாதத் தீவனம். அதே 40 கிலோவைக் கதிர் வரும் கழனியில் தூவினால் தாளில் சேருவது அதில் மிகச் சிறு பகுதியே. வழியில் மழையில்லை, புகையானில்லை, சாயும் பயமில்லை. ஆயினும் இம்முறை பரவவில்லை. அறுவடைச் சமயத்தில் ஆள் கிடைப்பதில்லை. மூடுவதற்குப் பெரிய பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். நீர் சுமக்க வேண்டும். திறந்தவுடன் கிளம்பும் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஒழுங்காகக் கலக்காவிட்டால் மாட்டுக்கு விஷமாகும் என்ற அச்சம் வேறு. செய்து காட்டிய நாளில் கூடியிருந்த கூட்டம் அடுத்த அறுவடையில் செய்யவில்லை என்பதை அந்த ஆராய்ச்சியாளர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அவ்வெளிப்படைத்தன்மையை நான் அவர்களுடைய கண்டுபிடிப்புகளுக்குச் சமமாக மதிக்கிறேன். பின்னர் தேசிய பால்வள வாரியம், ஆஸ்திரேலிய அறிஞர் லெங்கின் ஆலோசனையோடு, யூரியாவையும் வெல்லப்பாகையும் சேர்த்து இறுக்கிய நக்கு கட்டியைச் செய்து தொழுவத்தில் தொங்கவிட்டது. தழைச்சத்தின் பயணத்தை இப்போது திரும்பிப் பார்த்தால் விநோதமாக இருக்கும்: சென்ற ஆண்டுக் கிடையிலிருந்து அடியுரத்துக்கு, அடியுரத்திலிருந்து மேலுரத்துக்கு, அங்கிருந்து போருக்கு, போரிலிருந்து மாட்டின் நாக்குக்கே வந்து சேர்ந்துவிட்டது. அது நாக்கை நெருங்க நெருங்க, கழனியை விட்டு விலகியது.

கழனியும் விலகிக்கொண்டிருந்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இப்பக்கமாகவே சென்றதென்றாலும், அது ஊரின் உருவத்தை மாற்றவில்லை. மாற்றியது இரண்டாம் உலகப் போர். ஆவடியைச் சுற்றிப் படைத் தளமும் கிடங்குகளும் எழுந்தன. போர் முடிந்தும் படை போகவில்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடிச் சோஷலிச மாதிரிச் சமுதாயத்தைக் குறித்துத் தீர்மானித்தபோது சுற்றிலும் ஏரிகளும் கழனிகளும் இன்னும் இருந்தன. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. மாதவரத்தில் 1963இல், கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூஸிலாந்து தேசத்தின் உதவியோடு, மத்திய பால் பண்ணை ஏற்பட்டு, பாலுக்குப் புதிய தேவையை உண்டாக்கிற்று. பால் கேட்பவர் பெருகப் பெருக, தாள் விளையும் நிலம் குறைந்தது. செங்குன்றத்துக்குச் செல்லும் வழியில் ஆலமாதியில் மத்திய அரசாங்கத்தின் மாட்டுப் பண்ணையும் பிராந்தியத் தீவன நிலையமும் முர்ரா எருமைகளையும் புல் விதைகளையும் இன்றும் வளர்த்து வருகின்றன. அவற்றைச் சூழ்ந்த மோரை, வெள்ளானூர், பாண்டேஸ்வரம் முதலிய ஊர்களின் கழனிகளிலோ நெல்லுக்குப் பதில் மனைக்கற்களே நாற்றுபோல் நடப்பட்டிருக்கின்றன.

எஞ்சிய கழனிகளில் அறுவடை இயந்திரம் புகுந்துவிட்டது. அரிவாளால் அடியோடு அறுத்த காலத்தில் தாளின் அடிக்கணுக்களும் போருக்கு வந்தன. இயந்திரம் ஒரு சாணுக்கும் மேலாகத் தட்டையை நிலத்திலேயே விட்டுவிட்டு, மணற்சத்து மிகுந்த இலைப் பகுதியை மிதித்துக் கசக்கிப் பின்னால் உமிழ்கிறது. எளிதில் ஜீரணமாகும் பகுதி உழவில் புதைய, கடினமான பகுதி உருளையாகக் கட்டப்பட்டு லாரி ஏறுகிறது. ஹைதராபாத்தில் சோளத்தட்டை வியாபாரத்தை ஆராய்ந்தவர்கள், ஜீரணத் தன்மையில் 5 பங்கு வித்தியாசமிருந்தால் விலையில் கால் பங்கு வரை ஏற்றம் கிடைப்பதைக் கண்டிருக்கிறார்கள். வாங்குபவர் எந்தக் கருவியுமின்றி, கண்ணாலும் கையாலும் அதை அறிந்துவிடுகிறார். நெல் வைக்கோலுக்கு அத்தகைய சந்தை ஏதும் இங்கே இல்லை. உருளைக்கு இவ்வளவு என்பதே பேச்சு.

என்றாலும் அக்கண் இன்னும் மூடிவிடவில்லை. சென்ற கோடையில் மிட்டனமல்லிப் பக்கத்தில் ஒரு லாரி உருளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. அறுபதைக் கடந்த ஓர் அம்மையார், நாலு எருமை வைத்துப் பால் ஊற்றுபவர், கிட்டே வந்து, "தம்பி, இது நவரையா?" என்று கேட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, ஆரணிப் பக்கம் ஏத்துனது" என்றான் அவன். அவர் உருளையின் நடுவே கையைச் செலுத்தி ஒரு பிடி உருவினார், முகர்ந்தார், ஒரு தாளை வளைத்து, கணுவைப் பல்லால் கடித்துப் பார்த்தார். "வெளுத்துக் கெடக்குது பாரு. கதிரு வந்தப்புறம் உப்பையே காட்டல போல. இதத் தின்னா என் எருமை எங்கேருந்துபா பால் கறக்கும்?" என்றார். அவன் சிரித்தான். உருளைக்குப் பத்து ரூபாய் குறைந்தது.